72,000 ரூபாய்க் குடும்பங்கள்

தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வெகுகாலம் ஆண்டுக்குச் சரியாக 72,000 ரூபாய் சம்பாதித்துக்கொண்டிருந்தன. மழை பெய்த வருஷமும் 72,000, பொய்த்த வருஷமும் 72,000. எழுதிய அலுவலர் கொஞ்சம் பயந்த சுபாவக்காரராக இருந்தால் 60,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் வந்த கணக்கு அது. பிறகு வரம்பை 1,20,000 ஆக்கினார்கள். குடும்பங்களின் வருமானமும் மறுநாளே ஏறிவிட்டது.

கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். திருவண்ணாமலை மாவட்டத்தின் மானாவாரிக் கிராமங்கள்தான் என் வட்டாரம். நிலவரி, அடங்கல், பட்டா மாற்றம் என்று வேலைகள் பல இருந்தாலும், என் வீட்டுத் திண்ணையில் காலையில் வந்து உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் வருமானச் சான்றுக்காகத்தான் வந்திருப்பார்கள். பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு ஒன்று, காப்பீட்டு அட்டைக்கு ஒன்று, தனியார் பள்ளியில் 25 சதவீத இடத்துக்கு ஒன்று. நாங்கள் எழுதி அனுப்புவதை வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், வட்டாட்சியர் கையெழுத்திடுவார். இப்போது எல்லாம் இ-சேவை மையத்தின் வழியாகக் கணினியில் நடக்கிறது. எண் பிறக்கும் இடம் மட்டும் மாறவில்லை.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது? ஒரு கொத்தனாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஆறு நாள் வேலை, அடுத்த வாரம் இரண்டு நாள், ஆடி மாதத்தில் சுத்தமாக இல்லை. மனைவி கடலை பறிக்கப் போவார். அந்தக் கூலியில் ஒரு பங்கு காசாகவும் ஒரு பங்கு கடலையாகவும் வரும். நூறு நாள் வேலையின் சம்பளம் எந்த மாதம் கணக்கில் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. ஆண்டு வருமானம் என்ன என்று கேட்டால் அவர் சிரிப்பார். "நீங்களே பாத்துப் போட்டுக்குங்க சார்" என்பார். அதே ஊரில் இன்னொருவர். பன்னிரண்டு ஏக்கர். நாலு தன் பேரில், அஞ்சு மனைவி பேரில், மீதி காலமாகிவிட்ட அம்மா பேரில். மண்டியில் பங்கு உண்டு, வட்டிக்குக் கொடுப்பதும் உண்டு. எதற்கும் ரசீது கிடையாது. பதிவேட்டில் இருப்பது மானாவாரி நிலம், பயிர் மணிலா, விளைச்சல் சுமார். அவருடைய மகனின் சான்றிதழிலும் 72,000-தான் ஏறும். சான்றிதழில் இவர்கள் இருவரையும்விட மேலே போனவர் யாரென்றால், மாதச் சம்பளம் வாங்கும் நூற்பாலைத் தொழிலாளி. அவரிடம் மட்டும்தான் சம்பளச் சீட்டு இருந்தது.

இதில் லஞ்சம் இல்லையா என்று கேட்பீர்கள். காசு வைக்காமல் தாள் நகராத அலுவலகங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் லஞ்சத்தை முழுக்க ஒழித்துவிட்டு, நேர்மையின் சிகரமான ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும் கொத்தனாரின் ஆண்டு வருமானம் அவருக்குத் தெரியப்போவதில்லை. கொத்தனாருக்கே தெரியாதது அது. வறுமை ஒழிப்புத் திட்டங்களில் பலவற்றுக்கும் நுழைவாயிலாக நாம் வைத்திருப்பது, யாராலும் அளக்க முடியாத இந்த ஒன்றைத்தான்.

அளந்து பார்க்கும் முயற்சி நடக்காமல் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க 2002-ல் மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பு வைத்தது. மொத்தம் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 4 மதிப்பெண் வரை, கூட்டினால் 52. ஒருவருக்கு எத்தனை உடுப்பு என்பது அதில் ஒரு கேள்வி. இரண்டுக்குக் குறைவா, நாலுக்குக் குறைவா, பத்துக்கு மேலா? ஒரு வேளையா இரண்டு வேளையா சாப்பிடுகிறீர்கள் என்பது இன்னொன்று. வாசலில் நின்று ஒரு பெண்ணிடம், அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க, "வீட்டில் எத்தனை புடவை இருக்கிறது?" என்று கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள். மானம் உள்ளவர்கள் கூட்டிச் சொன்னார்கள், விவரம் தெரிந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். மின்விசிறியும் பிரஷர் குக்கரும்கூட மதிப்பெண்ணைக் கூட்டின. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பு வந்தபோது மோட்டார் சைக்கிளோ குளிர்சாதனப் பெட்டியோ இருந்தாலே பட்டியலிலிருந்து வெளியே என்று விதி வைத்தார்கள். பழைய டிவிஎஸ் வண்டி இல்லாமல் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வேலைக்குக் கொத்தனார் எப்படிப் போவார் என்று யோசிக்க அங்கே ஆள் இல்லை.

விளைவு என்ன? 2004-05 தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களை அலசிய பொருளாதார அறிஞர்கள், கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதியிடம் வறுமைக்கோட்டு அட்டையே இல்லை என்று காட்டினார்கள். ஏழைகளுக்காகவே செய்த அட்டை அது.

தமிழ்நாடு இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை இரண்டாகப் பிரித்து, கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மலிவு விலை, மேலே உள்ளவர்களுக்குக் கூடுதல் விலை என்று கொண்டுவந்தபோது, பிரிக்க மாட்டோம் என்று நின்றது. மலிவு அரிசி மத்தியிலிருந்து ஒரு பகுதியினருக்கே வந்தது. மிச்சச் செலவை மாநிலம் தன் பையிலிருந்து போட்டது. நடுவில் ஒருமுறை நமக்கும் சபலம் வந்தது. ஜெயலலிதா ஆட்சியில், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களின் அட்டையில் 'எச்' முத்திரை விழுந்தது. அவர்களுக்கு ரேஷன் அரிசி கிடையாது. அந்த முத்திரை தவறாக விழுந்துவிட்டது என்று அலுவலக வாசலில் நின்றவர்களின் வரிசை எனக்கு நினைவிருக்கிறது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் 39 தொகுதிகளும் கைவிட்டுப் போனபின், அதே மே மாதத்தில் முத்திரை திரும்பப் பெறப்பட்டது. 2013-ல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2016 நவம்பரில் தமிழ்நாடு அதில் சேர்ந்தபோதும் எல்லோருக்கும் அரிசி என்பதை விடவில்லை. 2006-ல் இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011-லிருந்து விலையில்லை. எந்தக் கட்சி வந்தாலும் விலை இறங்கியதே தவிர ஏறவில்லை.

எல்லோருக்கும் என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அது பொருளாதாரப் புத்தகத்தைவிட ரேஷன் கடை வாசலில் நன்றாகத் தெரியும். ஓர் ஊரில் சில மாதங்களாக வந்த மூட்டைகளில் பழுப்பும் கல்லுமாக அரிசி. யாரும் வாய் திறக்கவில்லை. ஒருநாள் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் பையோடு வந்தார். அவர் வீட்டில் அந்த அரிசியைச் சோறாக்குவதில்லை. இட்லிக்கு மட்டும் போடுவார்கள். எடையாளரிடமிருந்து குத்தூசியை வாங்கி மூட்டையில் செருகி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். அங்கேயே நின்று வட்ட வழங்கல் அலுவலருக்குப் போன் போட்டார். பதில் திருப்தியாக இல்லை, மாவட்டத்துக்குப் போட்டார். அடுத்த லோடில் அரிசி வெள்ளையாக வந்தது. அவருக்குப் பின்னால் நின்ற அம்மா அதே கல் அரிசியை மாசக்கணக்கில் புடைத்துச் சமைத்தவர். ஏனம்மா நீங்கள் கேட்கவில்லை என்றேன். "கேட்டா அட்டையை வெட்டிட்டா என்ன பண்றது?" என்றார். ஏழைகளுக்கு மட்டும் என்று அந்தக் கடையை ஆக்கியிருந்தால் வரிசையிலிருந்து தலைமை ஆசிரியர் போயிருப்பார், அவரோடு அந்தப் போனும் போயிருக்கும்.

கடத்தல் நடக்கவில்லையா? நடக்கிறது. கிலோ ஐந்துக்கும் பத்துக்கும் வாங்கி, பாலீஷ் போட்டு, இரவோடு இரவாக எல்லை தாண்டும் லாரிகளைப் பற்றிய செய்தி வாரம் தவறாமல் வருகிறது. கோழிப் பண்ணைக்கும் மாவு மில்லுக்கும் போகிறது. ஆனால் இதைக் காரணம் காட்டிப் பிரித்துத்தான் தர வேண்டும் என்பவர்கள், பிரித்துத் தந்த மாநிலங்களில் போலி அட்டைகளின் வழியாக மூட்டை மூட்டையாகப் போனதைப் பேசுவதில்லை. கடத்தலுக்கு மருந்து கிடங்கிலும் சோதனைச் சாவடியிலும் இருக்கிறது. வேண்டாதவர்களுக்கு அரசே வைத்திருக்கும் வழியும் இருக்கிறது: சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை. யாரும் வற்புறுத்தாமல் தாமாக அரிசியை விட்ட குடும்பங்கள் உண்டு. இருபது கிலோ அரிசிக்காகக் கைரேகை வைக்க வெயிலில் நிற்க வேண்டும் என்பதே பாதிப் பணக்காரர்களை வடிகட்டிவிடும்.

பேருந்தும் அப்படித்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. ஏறும்போது யாரும் சான்று கேட்பதில்லை. கார் வைத்திருக்கும் பெண் அதில் ஏறப்போவதில்லை. ஏறினால் ஏறட்டும், அந்தப் பேருந்து எப்படியும் ஓடத்தானே போகிறது? பயனடையும் பெண்கள் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பூக்கட்டும் பெண்ணும் வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணும் இரண்டு ஊர் தள்ளி வேலை தேட முடிகிறது. மதிய உணவு இன்னும் பழைய உதாரணம். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கியபோது எந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டுத் தட்டு வைக்கவில்லை.

இவ்வளவு அனுபவம் உள்ள நாம் 2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கும்போது மறுபடியும் சல்லடையைக் கையில் எடுத்தோம். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதா மாதம் ஆயிரம் ரூபாய் ஏறுவது சாதாரண விஷயமில்லை. எங்கள் ஊரில் அந்தப் பணம் சிலிண்டருக்கும் சுயஉதவிக் குழுத் தவணைக்கும் போவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதைத் தொடங்கியவர்களைப் பாராட்டிவிட்டுத்தான் குறையைச் சொல்கிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்நுகர்வு 3,600 யூனிட்டுக்குள் என்று விதிகள். அண்ணன் தம்பி இருவர், ஒரே வீடு, நடுவில் சுவர், ஒரே மீட்டர். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஓடும் மாவு கிரைண்டர், தண்ணீர் மோட்டார், தையல் இயந்திரம். யூனிட் தாண்டிவிடுகிறது. இரண்டு மருமகள்களுக்கும் குறுஞ்செய்தி வந்தது: தகுதி இல்லை. மேல்முறையீடு செய்யலாம், வருவாய் கோட்டாட்சியரிடம். அந்த அலுவலகம் இருக்கும் ஊருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், ஒருநாள் கூலி போகும். ஒரு மருமகள் போனார். மற்றவர், "விடுங்க, நமக்குக் குடுத்து வைக்கல" என்று இருந்துவிட்டார்.

முதியோர் ஓய்வூதியம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. ஆதரவற்றவரா என்று பார்க்க வேண்டும். பிள்ளை இருந்தால் ஆதரவு இருக்கிறது என்று பொருள். ஒரு ஜமாபந்தியில் மனுவோடு வந்த பாட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். மகன் திருப்பூரில், வருஷத்துக்கு ஒருமுறை மாரியம்மன் திருவிழாவுக்கு வருவான். விசாரணை அறிக்கையில் "மகன் உண்டு" என்று எழுதியாக வேண்டும். பாட்டி என்னிடம் சொன்னது: "புள்ள இருக்கான்னு எழுதுங்க சாமி. சோறு போடறான்னு எழுதாதீங்க." படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. 2023 ஆகஸ்டில் மாநில அரசு இந்த ஓய்வூதியத்தை 1,200 ரூபாயாக உயர்த்தியது. இதில் மத்திய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, 200 ரூபாய். 2007-லும் 200, இன்றும் 200. அந்த 200-ஐயும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் தருவார்கள்.

அப்படியானால் அம்பானிக்கும் ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொல்கிறீர்களா என்பது டீக்கடையில் என்னை மடக்க வழக்கமாக வரும் கேள்வி. வேண்டாம். ஆனால் அவரை நீக்க என்னைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு குடிசையாக ஏறி இறங்கத் தேவையில்லையே. இந்த நாட்டில் ஏழையின் வருமானத்துக்குப் பதிவேடு கிடையாது. வசதியானவரின் வருமானத்துக்கு இருக்கிறது. வருமான வரி கட்டுபவர் யார் என்று தெரியும். அரசுச் சம்பளமும் அரசு ஓய்வூதியமும் வாங்குபவர் பெயர் கருவூலத்தில் இருக்கிறது. நான் உட்பட. ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. மேலே இருப்பவர்களை அந்தப் பட்டியல்களை வைத்துக் கழித்துவிட்டு, மிச்சம் உள்ள அத்தனை பேருக்கும் கொடுத்துவிடலாம். தப்பித்தவறி அந்தப் பன்னிரண்டு ஏக்கர்காரருக்கும் போகும். போகட்டும். அவரைத் தடுக்கும் விதி பாட்டியையும் சேர்த்தே தடுக்கிறது என்பதை முப்பது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

பணக்காரருக்குப் போய்ச் சேர்வதைத் திரும்ப வாங்கும் இடம் வேறு, அதன் பெயர் வரி. அங்கே நாம் காட்டும் தாராளத்தைப் பாருங்கள். பரம்பரைச் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-ல் போயிற்று. சொத்து வரி என்று டில்லி வசூலித்துக்கொண்டிருந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போயிற்று. 2019 செப்டம்பரில் பெரிய நிறுவனங்களுக்கான வரியை, சலுகைகளைக் கைவிடுபவர்களுக்கு, 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள். அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே சொன்னது. மகளிர் உரிமைத் தொகைக்குத் தமிழ்நாடு 2024-25-ல் ஒதுக்கியது 13,720 கோடி. ஒன்று நாடு முழுவதற்கும், மற்றது ஒரு மாநிலத்துக்கு என்பது சரிதான். ஆனால் அந்த 1.45 லட்சம் கோடிக்கு யாருடைய வீட்டு மீட்டரையும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம், நூறு நாள் வேலைக்குப் போன பெண் வாங்கிய குளியல் சோப்புக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீத ஜிஎஸ்டி. கடைக்காரர் அவரிடம் வருமானச் சான்று கேட்டுக் குறைத்து வாங்கவில்லை. வாங்கும்போது எல்லோரும் சமம்; கொடுக்கும்போதுதான் நமக்குத் தகுதி நினைவுக்கு வருகிறது.

பிரிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த்யோதயா அட்டைக்கு 35 கிலோ என்பது நியாயம். கைவிடப்பட்ட பெண், மாற்றுத்திறனாளி, மலைவாழ் குடும்பம் ஆகியோருக்குக் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, ஊரைக் கேட்டால் ஊரே சொல்லும். பல பரிமாண வறுமைக் குறியீட்டில் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஏழைகள் 2.2 சதவீதம்தான், நாடு முழுவதற்கும் கிட்டத்தட்ட 15 சதவீதம். இந்த இடத்துக்கு நாம் வந்தது பெரும்பாலும் கேள்வி கேட்காமல் கொடுத்ததால். எல்லோரும் படித்த பள்ளி, எல்லோரும் போன ஆரம்ப சுகாதார நிலையம், எல்லோரும் நின்ற ரேஷன் வரிசை. மிச்சம் இருக்கும் அந்த 2.2 சதவீதம் பேர் யார் என்று பார்த்தால், படிவம் நிரப்பத் தெரியாதவர்களும் இரண்டு பேருந்து மாறி மேல்முறையீட்டுக்குப் போகாதவர்களும்தான் அதில் அதிகம் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

எங்கே தொடங்கலாம்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் காசு இல்லை என்று நிதித்துறை சொல்லும். அது உண்மையும்கூட. அதனால் முதியோரிலிருந்து தொடங்கலாம். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டியலுக்கு யாரும் விண்ணப்பம் போடவில்லை, மகன் உண்டா என்று கேட்டு யாரும் என்னைப் போன்றவரிடம் அறிக்கை வாங்கவில்லை. குடும்ப அட்டையில் பிறந்த தேதி இருந்தது, அதைப் பார்த்தார்கள். அதே அட்டைகளை வைத்துக்கொண்டு, வருமான வரிக்காரர்களையும் அரசு ஓய்வூதியக்காரர்களையும் கழித்துவிட்டு, 70 நிறைந்த ஒவ்வொருவருக்கும் மறுமாதமே 1,200 ரூபாயை அனுப்பலாம். பிறகு நிதிநிலையைப் பார்த்து 65, அதற்கப்புறம் 60. மென்பொருளில் 'கிராம நிர்வாக அலுவலரின் பரிந்துரை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. முதலில் அதை எடுத்துவிட வேண்டும்.